ரெண்டு கையும் தெரியணும்

பூவிழியின் இரண்டு கைகளும் அப்போது பேச்சில் இருந்தன. அதனால் மகேஸ்வரன் மூன்றாவது முறை கேட்டும் பதில் வரவில்லை.

"டேப்லெட்ட குடு பூவு. அவசரம்."

அடுப்பு மேடையில், மிளகாய்த்தூள் டப்பாவின்மேல் சாய்ந்து நின்றிருந்தது டேப்லெட். அதற்குள் ஈப்போவிலிருந்து விக்னேஸ்வரி இரண்டு கைகளையும் வீசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பூவிழியும் கைகளை வீசினாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மகேஸ்வரனைப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட கைமொழி அவ்வளவுதான்.

விக்னேஸ்வரி பூவிழியின் ஒரே தங்கை. பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆனால் அவள் கைகள் பேசுகிற வேகத்துக்கு, வாயால் பேசுகிறவர்கள் யாரும் ஈடு கொடுத்ததில்லை. கையால் பேசுகிறவளுக்குக் கைப்பேசி போதவில்லை என்பதுதான் முன்பிருந்த தொல்லை. சின்னத் திரையில் முகம் தெரிந்தால் கை தெரியாது, கை தெரிந்தால் ஒன்றுதான் தெரியும். பாதிக் கையில் பாதிச் செய்திதான் வரும். அப்படித்தான் ஒருமுறை, தன் பக்கத்து வீட்டுக்காரர் பழைய காரை விற்றுப் புதுக் காடி வாங்கிவிட்டார் என்று விக்னேஸ்வரி சொன்னதை, பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார் என்று புரிந்துகொண்ட பூவிழி, வெள்ளைப் புடவை கட்டி, மாலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போய் இறங்கியபோது கேட்டைத் திறந்துவிட்டதே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். புதுக் காடிக்குத்தான் மாலை என்று நினைத்து அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் டேப்லெட் வீட்டுக்கு வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, வந்து திரும்பிப் போகவில்லை என்று சொல்லலாம். அது கம்பெனி சொத்து.

மகேஸ்வரன் புக்கிட் கெலாபு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாம் டிவிஷனின் வெளிக்காட்டுக் கிராணி. மலையில் வெட்டிய இலையை நிறுத்து, யார் எவ்வளவு என்று பதிந்து, லோரியில் ஏற்றி ஃபேக்டரிக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பதிவதற்காகக் கம்பெனி டேப்லெட் கொடுத்தது. அது சட்டைப் பைக்குள் போகவில்லை. மழைத்துளி விழுந்தால் தானாகவே எண்களை அழுத்திக்கொண்டது. அவர் பேசாமல் எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்து, சாயந்திரம் ஆபீஸ் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சார்ஜ் போட வீட்டுக்குக் கொண்டுவந்ததைப் பூவிழி எடுத்து மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்தாள். தங்கையின் இரண்டு கைகளும் முழுசாகத் தெரிந்தன. அன்று பூவிழியின் முகத்தைப் பார்த்த பிறகு, அதைத் திருப்பிக் கேட்க மகேஸ்வரனுக்கு வாய் வரவில்லை.

ஆனால் டேப்லெட் உதவாது என்று எழுதினால் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் மாதா மாதம் ரிப்போர்ட்டில், 'டேப்லெட் இல்லாமல் இரண்டாம் டிவிஷன் இயங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை' என்று எழுதி அனுப்பினார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினார்.

இன்றைக்குக் காலையில் தோட்ட மேனேஜர், பெரிய துரை ராதாகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார்.

"மகேஸ், கே.எல். ஹெட் ஆபீஸ்லருந்து ஒரு மிஸ் வந்து தானா ராத்தா டவுன்ல தங்கியிருக்காங்க. டேப்லெட் எப்படி ஓடுதுன்னு பாக்கணுமாம். நேரா உன் டிவிஷனுக்கே வராங்க. நீதானே லா அத்தனை பிரமாதமா எழுதறே!"

கம்பெனி சாமான் வீட்டு அடுப்படியில் இருப்பது தெரிந்தால் வேலைக்கே உலை. மகேஸ்வரன் அடுப்படிக்கு ஓடிவந்த கதை இதுதான்.

"என்னா அவசரம்?" பூவிழி ஒருவழியாக வாயால் பேசினாள்.

அவர் சொன்னார்.

"இன்னிக்கா? ஏங்க, இன்னிக்கி என்னா நாளுன்னு தெரியும்ல?"

தெரியும். விக்னேஸ்வரியைப் பெண் பார்க்க வருகிற நாள். மாப்பிள்ளை தர்மேந்திரன் ஈப்போவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்கும் காது கேட்காது. அவன் அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும், கைமொழிதான் சுமார். விக்னேஸ்வரியோடு இருக்கிற அத்தைக்கு அதுவும் தெரியாது. நடுவில் நின்று பேச வேண்டியவள் பூவிழி. அவளோ ஈப்போ ரோட்டில் மண் சரிந்ததால் மலைமேல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க மத்தியானம்தானே வராங்க? மிஸ் போனதும் கொண்டாந்துடறேன்."

"வரலன்னா?"

"வந்துடுவேன் லா."

"வரலன்னா நான் அங்க வந்து நிப்பேன். பாத்துக்குங்க."

தங்கையிடம் கையால் ஏதோ சொல்லிவிட்டு டேப்லெட்டைக் கொடுத்தாள். மகேஸ்வரன் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். சம்பல் வாசம். துடைத்தார். போகவில்லை. மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

இலை நிறுக்கும் கொட்டகை மலைச் சரிவில் இருந்தது. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சப்பாத்து போட்ட இளம்பெண் ஒருத்தி காடியிலிருந்து இறங்கி, முதல் அடியிலேயே சேற்றில் கால் வைத்தாள். அவளை ஏற்றிவந்த டிரைவர் கருப்பையா, "பாத்து மிஸ்" என்று தாமதமாகச் சொன்னார்.

"மிஸ்டர் மகேஸ்வரன்? நான் ஷாரன். உங்க ரிப்போர்ட் எல்லாத்தையும் படிச்சிட்டேன். ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா, மிஸ்?"

"முதல் தடவை நம்ப முடியல. ஓப்பனா கேக்கறேன். கையில போன் இருக்கு. ஆபீஸ்ல லேப்டாப் இருக்கு. நடுவுல இந்த டேப்லெட் எதுக்கு? ஹெட் ஆபீஸ்ல ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியல. போன் பெருசாயிட்டே வருது, லேப்டாப் சிறுசாயிட்டே வருது. ரெண்டுக்கும் நடுவுல இது நசுங்கிப் போயிடும்னு சிலர் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் இது இல்லாம உயிர் வாழ முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. காட்டுங்க, பாப்போம்."

மகேஸ்வரன் கம்பீரமாக டேப்லெட்டை எடுத்தார். திரையைத் தொட்டார். அது விரல் ரேகை கேட்டது. அவர் விரலை வைத்தார். உதறியது. வேறு விரலை வைத்தார். அதையும் உதறியது. வீட்டில் எப்போதும் திறந்தே கிடக்கும் சாமான் இப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாது.

"என்னா ஆச்சு?"

"பாதுகாப்பு, மிஸ். கண்டவங்க தொறக்க முடியாது."

"நீங்க கூடவா?"

"குறிப்பா நான்."

ஷாரன் அதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

"அப்ப யாரு தொறப்பாங்க?"

மகேஸ்வரன் நெற்றியைத் துடைத்தார். "இதுக்குன்னே ஒரு ஒப்பரேட்டர் இருக்காங்க. கூப்பிடறேன்." கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "ஹலோ, மிஸஸ் பூவிழி? ஒப்பரேட்டர்தானே? உடனே கொட்டகைக்கு வாங்க."

"யாருங்க ஒப்பரேட்டர்? காலைலயே ஊத்திட்டீங்களா?"

"ஆமா, ஆமா. விரலோட வாங்க."

பூவிழி விரலோடு வந்தாள். மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த விரல். மழைச் சப்பாத்தும், கைலிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டுமாக மோட்டாரில் வந்து இறங்கியவளை ஷாரன் மரியாதையாகப் பார்த்தாள்.

பூவிழி விரலை வைத்தாள். மஞ்சள் விரலை டேப்லெட்டுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, விரல் ஏன் மஞ்சளா இருக்கு?"

பூவிழி வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரன் முந்திக்கொண்டார். "கிருமி நாசினி, மிஸ். இலையத் தொடற கை பாருங்க. இங்க சுத்தம் ரொம்ப முக்கியம்."

பூவிழி புருஷனை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு பக்கத்துத் தேயிலைச் செடியின் பனி ஈரத்தில் விரலைத் தேய்த்துத் துடைத்து மறுபடி வைத்தாள். திறந்தது.

திறந்ததும் திரையில் ஒரு வாணலியும், அதற்குள் பாதி வெந்த மீனும் தெரிந்தன. பூவிழி காலையில் பாதியில் நிறுத்திய சமையல் வீடியோ.

"இது என்னா?"

"மீன் உரம், மிஸ். பிரிஞ்சாங் பக்கம் காய்கறித் தோட்டத்துல எல்லாம் இப்ப இதான் போடறாங்க. நம்ம செடிக்கு ஒத்து வருமான்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

"வெங்காயம் வதக்கறாங்களே?"

"அது கடைசி கட்டம்."

ஷாரன் தலையாட்டினாள். "சரி, இலை நிறுக்கற ஆப்ப காட்டுங்க."

மகேஸ்வரன் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கோலம் இருந்தது, சம்பல் இருந்தது, நாலு வகை வளையல் கடை இருந்தது.

"அந்த ஆப் எங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"பச்சை கலர்ல தராசுப் படம் போட்டிருந்துச்சே, அதா? சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சி. போன மாசமே தூக்கிட்டேன்" என்று பூவிழியும் கிசுகிசுத்தாள்.

அந்த நேரத்தில்தான் டேப்லெட் அலறியது. திரை முழுவதும் விக்னேஸ்வரியின் சிரித்த முகம் வந்து நின்றது.

"கட் பண்ணு, கட் பண்ணு!" என்று மகேஸ்வரன் பல்லைக் கடித்தார்.

"கட் பண்ணினா என்னமோ ஏதோன்னு அவ பயந்துடுவா" என்று பூவிழி எடுத்துவிட்டாள்.

விக்னேஸ்வரி இரண்டு புடவைகளைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்று பளீர்ப் பச்சை, இன்னொன்று கிளிப்பச்சை. புருவத்தை உயர்த்தினாள். எது?

"யார் இவங்க?" என்றாள் ஷாரன்.

மகேஸ்வரன் மூச்சை இழுத்துவிட்டார். ஏற்கெனவே ஏறிவிட்ட மரம். இறங்க வழி தெரியவில்லை. மேலே ஏறினார்.

"ஈப்போ இலை நிபுணர், மிஸ். நாங்க இங்கருந்து இலையக் காட்டுவோம். அவங்க அங்கருந்து நிறம் பாத்து, வெட்டலாமா வேணாமான்னு சொல்லிடுவாங்க. கையில இருக்கறது நிறம் ஒப்பிட்டுப் பாக்கற துணி."

"ஜரிகை போட்டிருக்கே?"

"ஓரம் பிரிஞ்சி போகாம இருக்கத்தான்."

பூவிழி உதட்டைக் கடித்துக்கொண்டு தங்கையிடம் கையால் சொன்னாள்: *உன் மாமா மாட்டிக்கிட்டார். நீ இப்ப பெரிய ஆபீசர். சிரிச்சே, கொன்னுடுவேன்.*

விக்னேஸ்வரியின் கண்கள் பளபளத்தன. பள்ளிக்கூட நாடகத்தில் கூட அவளுக்கு இவ்வளவு நல்ல வேஷம் கிடைத்ததில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஷாரன் ஒரு கொழுந்தைக் கிள்ளித் திரைக்கு நேரே பிடித்தாள். விக்னேஸ்வரி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். இரண்டு புடவைகளோடும் ஒப்பிட்டாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். பிறகு நீளமாகக் கைகளை ஆட்டினாள்.

"என்னா சொல்றாங்க?"

விக்னேஸ்வரி சொன்னது: *இந்தப் பொண்ணு பாவம். மாமா ஏன் இப்படி எறும்பு கடிச்ச மாதிரி நெளியறார்?*

"கொழுந்து நல்லாருக்காம்" என்றாள் பூவிழி. "ஆனா பக்கத்துல ஒரு முத்தின எல இருக்காம். அதுலதான் கொஞ்சம் பூச்சியடிச்சிருக்காம்."

பக்கத்தில் நின்ற மகேஸ்வரன் ஒரு அடி விலகி நின்றார்.

"அது சரி, ஏன் வாயால பேசாம கையால பேசறாங்க?"

"காத்து, மிஸ்" என்றார் மகேஸ்வரன். "மிஷின் சத்தம் வேற. வாயால பேசினா ஒன்னும் கேக்காது." சொல்லி வைத்த மாதிரி சரிவில் இரண்டு ஆட்கள் இலை வெட்டும் மிஷினைக் கிளப்பினார்கள். கொட்டகையே அதிர்ந்தது. ஷாரன் ஏதோ கேட்டாள், யாருக்கும் கேட்கவில்லை. மகேஸ்வரன் காதைத் தொட்டுக் காட்டி, "பாத்தீங்களா?" என்பதுபோல் இரு கைகளையும் விரித்தார்.

மிஷின் தள்ளிப் போனதும் பூவிழி சொன்னாள்.

"இல்ல மிஸ். அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலருந்தே."

ஷாரன் திரையைப் பார்த்தாள், பூவிழியைப் பார்த்தாள், கடைசியில் மகேஸ்வரனைப் பார்த்தாள்.

"மிஸ்டர் மகேஸ்வரன். காது கேக்காத ஒருத்தங்களுக்கு நீங்களா தேடிப் போய் வேலை கொடுத்திருக்கீங்க. ரிப்போர்ட்ல ஒரு வரி கூட எழுதல."

"அது… விளம்பரம் எதுக்கு, மிஸ்."

"சம்பளம் எந்தக் கணக்குல போகுது?"

"சம்பளமா? அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. இலை மேல உள்ள ஆசை."

ஷாரன் நெகிழ்ந்து போனாள். குறித்துக்கொண்டிருந்த கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பூவிழியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. தினமும் இத வச்சி வேலை செய்யறது நீங்கதான். இதையே ஏன் ஹென்போன்ல செய்யக் கூடாது? இல்ல, லேப்டாப்ல?"

மகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். பூவிழி கொஞ்சம் யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

"ஹென்போன்ல மொகம் தெரியும் மிஸ், கை தெரியாது. ஒரு கையில நாம அதப் புடிச்சிக்கணும், அப்பறம் நமக்கும் ஒரு கைதான் மிச்சம். ஒத்தக் கையில பேசறது பாதி வாயில பேசற மாதிரி. லேப்டாப்ல எல்லாம் தெரியும். ஆனா வேலை நடக்கற எடத்துக்கு அது வராது. ஒரு எடத்துல உக்காந்துக்கிட்டு, நீ வான்னு நம்மளக் கூப்பிடும். இது அப்படி இல்ல. எங்க சாய்ச்சாலும் நிக்கும். ரெண்டு கையும் தெரியும். நம்ம ரெண்டு கையும் சும்மா இருக்கும்."

ஹெட் ஆபீஸில் ஒருவராலும் சொல்ல முடியாத பதில் தனக்குக் கிடைத்துவிட்டது என்பது ஷாரனின் முகத்தில் தெரிந்தது. மகேஸ்வரன் கண்ணைத் திறந்தார். தப்பித்துவிட்டோம் போலிருக்கிறதே என்று நினைத்தார்.

அப்போது டேப்லெட்டுக்குள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க" என்று அத்தையின் குரல். "மத்தியானம்னு சொன்னீங்களே?"

"அப்பறம் நேரம் சரியில்லன்னாங்க. அதான் முன்னாடியே வந்துட்டோம்" என்று இன்னொரு குரல். அடுத்த நொடி திரையில் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தியும், வெற்றிலைத் தட்டும், பின்னால் நீலச் சட்டை போட்ட தர்மேந்திரனும் தெரிந்தார்கள். விக்னேஸ்வரி இரண்டு பச்சைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். எதையும் கட்டியிருக்கவில்லை. வீட்டுப் பாவாடையில் மாட்டிக்கொண்டாள்.

"இவங்கல்லாம் யாரு?" என்றாள் ஷாரன்.

"மேலிடம்" என்றார் மகேஸ்வரன். "நிபுணரோட வேலையப் பாக்க வந்திருக்காங்க. உங்கள மாதிரிதான்."

"தட்டுல பழம் இருக்கு?"

"அவங்க பழத் தோட்டமும் வச்சிருக்காங்க."

பூவிழிக்கு இப்போது ஷாரனும் தெரியவில்லை, புருஷனும் தெரியவில்லை. டேப்லெட்டைத் தராசின்மேல் சாய்த்து நிறுத்தி, ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம்மா, நான்தான் அக்கா" என்றாள்.

"நீங்க எங்கம்மா நிக்கிறீங்க? பின்னால ஒரே பச்சையா இருக்கு?"

"வேலையில இருக்கேம்மா."

சரிவில் மிஷின் மறுபடி உறும, இரண்டு அடி பின்னால் நின்ற ஷாரனுக்குப் பேச்சு பிடிபடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "பொண்ணு தையல் கடை வச்சிருக்காளாமே. கல்யாணத்துக்கு அப்பறமும் நடத்துவாளா?"

பூவிழி அதைக் கையால் தங்கைக்குச் சொன்னாள். விக்னேஸ்வரி படபடவென்று பதில் சொன்னாள். பூவிழி வாயால் சொன்னாள்: "உங்க மகன் பட்டறைய மூடினா, இவளும் கடைய மூடறாளாம்."

அம்மாள் திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"தரம் சம்பந்தமா பேசறாங்க" என்று மகேஸ்வரன் ஷாரனின் காதில் சொன்னார்.

தர்மேந்திரன் அம்மாவை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான். எண்ணெய்க் கறை போகாத நகங்கள். முதலில் தயங்கிய கைகள் பிறகு நிதானமாகப் பேச ஆரம்பித்தன. விக்னேஸ்வரி பேசாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் சும்மா இராத அவள் கைகள் மடியில் கிடந்தன. பூவிழி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னக்கா? என்னா சொல்றார்?" ஷாரன் பதறினாள்.

பூவிழிக்கு இனிமேல் பொய்யாக மாற்றிச் சொல்லத் தெம்பில்லை.

"'எங்க வீட்டுல சத்தம் இருக்காது. ஆனா பேச்சு நிக்கவே நிக்காது'ன்னு சொல்றார்."

ஷாரன் மகேஸ்வரனைப் பார்த்தாள்.

"புது மிஷின் பத்தி, மிஸ்" என்றார் மகேஸ்வரன். "சத்தமே வராத மாடலாம்."

திரையில் விக்னேஸ்வரி தலையைக் குனிந்து, பின் நிமிர்ந்து, ஒரே ஒரு முறை கையை அசைத்தாள். அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. தர்மேந்திரனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கை தட்டுவது அப்படித்தான். இங்கே பூவிழியும் கைகளைத் தூக்கி ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் ஓட மகேஸ்வரனும் ஆட்டினார். விட்டுப்போய்விடக் கூடாதே என்று ஷாரனும் ஆட்டினாள். சரிவில் மிஷினைப் பிடித்திருந்த இரண்டு ஆட்களும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மிஷினை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினார்கள்.

"முடிஞ்சிடுச்சா? பாஸா?" என்றாள் ஷாரன்.

"பாஸ், மிஸ்" என்றாள் பூவிழி. "நூத்துக்கு நூறு."

அழைப்பு முடிந்ததும் ஷாரன் டேப்லெட்டை இரண்டு கைகளாலும் எடுத்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத்தான் இருந்தது.

"மிஸ்டர் மகேஸ்வரன், உண்மையச் சொல்றேன். நான் வரும்போது வேற முடிவோட வந்தேன். இப்ப மாத்திக்கிட்டேன். போனும் லேப்டாப்பும் எவ்ளோ வந்தாலும் இதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. என் கண்ணால பாத்துட்டேன்."

மகேஸ்வரனுக்குக் கால் தரையில் படவில்லை. "ரொம்ப சந்தோஷம், மிஸ். அப்ப டேப்லெட் எங்ககிட்டயே இருக்கும்ல?"

"கண்டிப்பா! இனிமே இது கம்பெனியோட முக்கியமான சொத்து. மழையிலயும் தூசியிலயும் கண்ட எடத்துல கெடக்கக் கூடாது." அவள் டேப்லெட்டை முகர்ந்து பார்த்தாள். "என்னமோ சம்பல் வாசம் கூட வருது. வேலை முடிஞ்சதும் பெரிய ஆபீஸ் இரும்பு அலமாரில வச்சிப் பூட்டிடணும். சாவி துரைகிட்ட. நிறுக்கற ஆப்ப இன்னிக்கே புதுசா ஏத்தச் சொல்றேன். தேவையில்லாதது எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க."

"ராத்திரில, லீவு நாள்ல… வீட்டுல வச்சிப் பாத்துக்கலாமே, மிஸ்?" பூவிழியின் குரல் மெல்ல வந்தது.

"வீட்டுலயா? நோ லா, அக்கா. ஒரு நாள் கூட வீட்டுப் பக்கம் போகக் கூடாது. இவ்ளோ செஞ்சிருக்கீங்க, வீட்டுக்கும் வேலைய ஏன் தூக்கிட்டுப் போகணும்?"

அவள் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, துரைக்கு நல்ல செய்தி சொல்லக் கைப்பேசியோடு கொட்டகைக்குள் போனாள்.

வெளியே மகேஸ்வரனும் பூவிழியும் நின்றார்கள். பூவிழி ஒரு கையைத் தூக்கினாள். அதை மட்டும் பார்த்தாள். இன்னொரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மகேஸ்வரனுக்கு இந்த முறை கைமொழி முழுசாகப் புரிந்தது.

"வேற வழியே இல்ல பூவு" என்றார். "உண்மையச் சொல்லியிருந்தா புடுங்கிட்டுல போயிருப்பாங்க? இப்ப, ஆபீஸ்லயாவது இருக்கு."

காடியில் சாய்ந்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் கருப்பையா, குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னா கிராணி நீங்க! நேத்து பூரா மத்த எஸ்டேட்டு எல்லாம் சுத்திட்டுதான் வரோம். 'இது பாக்கெட்லயும் அடங்கல, வேலைக்கும் ஒதவல'ன்னு உண்மையச் சொன்ன கிராணிங்க எல்லாருக்கும், 'அப்படின்னா கம்பெனிக்கு வேணாம், வீட்டம்மாவுக்காவது ஒதவட்டும்'னு மிஸ் டேப்லெட்ட சும்மாவே குடுத்துட்டு வந்துட்டாங்க!"